தேயாத பக்கம்

பழைய லேத் ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்தவரிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ஓடுதா?" என்பதுதான். கேள்வியே தப்பு. லேத் ஓடாமல் போவது அபூர்வம். மோட்டார் இருக்கிறது, பெல்ட் இருக்கிறது, ஸ்விட்சைத் தட்டினால் சுற்றும். எழுபது வருஷம் ஆன இயந்திரமும் ஜோராகச் சுற்றும். பிரச்சினை என்னவென்றால், அது சுற்றிக்கொண்டே பொய் சொல்லும். ஓர் அங்குலம் என்று வைத்துக் கடைந்தால், கம்பியின் ஒரு முனை ஓர் அங்குலம் இருக்கும். மறுமுனை அதைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அதில் மாட்ட வேண்டிய வளையம் பாதி வழியில் நின்றுபோகும்போதுதான் தெரியும்.

லேத்தை அருகில் பார்க்காதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். கட்டில் காலுக்குக் கடைசல் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான், இங்கே இரும்பில். இடது பக்கம் ஹெட்ஸ்டாக். அதிலிருந்து வரும் ஸ்பிண்டிலில் சக் மாட்டியிருக்கும். வேலைக்கான கம்பியைச் சக் கவ்விப் பிடித்துச் சுற்றும். கீழே நீளமாக பெட். ரயில் தண்டவாளம் போல இரண்டு பட்டைகள். அந்தப் பட்டைகளின் மேல் சாடில் இடமும் வலமும் நகரும். சாடிலின் மேல் கிராஸ் ஸ்லைடு முன்னும் பின்னும் நகரும். அதன் மேல்தான் வெட்டும் டூல். ஆக, கம்பி எவ்வளவு நேராக வரும் என்பது, அந்தப் பட்டைகள் எவ்வளவு நேர் என்பதைப் பொறுத்தது. இயந்திரம் தன் நேர்மையைத்தான் வேலைக்குக் கொடுக்க முடியும். தன்னிடம் இல்லாததைக் கொடுக்க முடியாது.

இங்கிலாந்தில் வீட்டுக் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, அதில் லேத் வைத்து, குட்டி ரயில் இன்ஜின் செய்வது ஒரு பெரிய பாரம்பரியம். அவர்களுக்காகவே பெர்சிவல் மார்ஷல் 1898-ல் 'மாடல் இன்ஜினியர்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அந்தக் கொட்டகைகளில் மிக அதிகமாகக் காணப்படும் இயந்திரங்களில் ஒன்று மைஃபோர்டு எம்எல்7. நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டன் என்ற ஊரில் 1934-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. எம்எல்7 அறிவிக்கப்பட்டது 1946-ல், போர் முடிந்த மறு வருஷம். சென்டர் உயரம் மூன்றரை அங்குலம். இரண்டு சென்டர்களுக்கு நடுவே 20 அங்குலம். ஒரு சமையலறை மேஜையின் இடம் போதும்.

அந்தப் பழைய நிறுவனம் 2011-ல் மூடப்பட்டது. பெயரை வேறொரு நிறுவனம் வாங்கிக்கொண்டது. சில உதிரி பாகங்கள் கிடைக்கின்றன. ஆனால் பெட் தேய்ந்துவிட்டால் புது பெட் வாங்கிப் போடும் கதையெல்லாம் இல்லை. அதனால் பழைய எம்எல்7 வாங்கியவருக்கு இரண்டே வழி. பழைய இரும்புக் கடைக்குப் போடலாம். அல்லது அவரே சரிசெய்யலாம். சரிசெய்யத் தேவையான பாகங்களைக் கடைய ஒரு லேத் வேண்டும். அவரிடம் இருப்பது அந்தத் தேய்ந்த லேத் மட்டும்தான்! இந்தச் சிக்கலில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் எங்கே தேய்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லா இடமும் ஒரே மாதிரி தேய்ந்தால் பிரச்சினையே இல்லை. மொத்தமாக ஒரு நூலிழை இறங்கியிருக்கும், நேராகவே இருக்கும். அப்படி நடப்பதில்லை. வீட்டுப் பட்டறையில் பெரும்பாலான வேலைகள் சின்னவை. சக்குக்குப் பக்கத்திலேயே நடப்பவை. சாடில் அந்த ஐந்தாறு அங்குலத்திலேயே பல வருஷம் உலாவுகிறது. வார்ப்பிரும்புத் தூள் விழுவதும் அங்கே. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது உதிரும் மணல் போன்ற தூள் விழுவதும் அங்கே. எண்ணெயோடு சேர்ந்து அது நல்ல சாணைப் பசையாகிவிடுகிறது. வலது கோடியில் உள்ள பட்டையோ, பெரும்பாலும் சும்மாவே இருக்கிறது.

பட்டறைக்காரர்கள் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை 'தௌ' என்பார்கள். தலைமுடி ஒன்றின் தடிமனே இரண்டு மூன்று தௌ இருக்கும். இடது பக்கம் ஐந்து தௌ தேய்ந்திருக்கிறது, வலது கோடி புதுசாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாடில் ஆடாமல் இருக்க, அதைப் பட்டையோடு அணைத்துப் பிடிக்கும் ஜிப் என்ற பட்டைத் தகடு ஒன்று உண்டு. அதன் திருகுகளை இறுக்கினால் ஆட்டம் போகும். ஆனால் இடது பக்கத்துக்குச் சரியாக இறுக்கினால், சாடில் வலது பக்கம் போகும்போது சிக்கி நின்றுவிடும். வலது பக்கத்துக்குச் சரியாக வைத்தால், இடது பக்கம் லொடலொட. பழைய லேத் வாங்கியவர் செய்யும் முதல் சோதனையும் இதுதான். சக் பக்கத்தில் ஜிப்பை இறுக்கிவிட்டு, சாடிலைக் கோடி வரை தள்ளிப் பார்ப்பார். எங்கே நிற்கிறது என்பது அந்த இயந்திரத்தின் வயசைச் சொல்லிவிடும்.

உடனே ஸ்பேனரை எடுத்து எல்லாவற்றையும் கழற்ற ஆரம்பிப்பதுதான் பலரும் செய்வது. அங்கேதான் பொறுமை வேண்டும். கம்பி கூம்பாக வருவதற்குத் தேய்மானம் மட்டும் காரணமில்லை. பெட்டே முறுக்கிக்கொண்டிருக்கலாம். மேடு பள்ளமான மேஜையில் வைத்து போல்ட்டை இறுக்கினால், வார்ப்பிரும்பு கூட ஈரத்துண்டு மாதிரி முறுக்கிக்கொள்ளும். கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சமே போதும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஓர் அங்குலத்துக்குக் குறையாத தடிமனுள்ள கம்பியை, சக்கிலிருந்து ஐந்தாறு அங்குலம் நீட்டிப் பிடிக்க வேண்டும். நடுவில் கடைந்து மெலிதாக்கிவிட்டு, இரு முனைகளிலும் ஒவ்வொரு வளையம் மாதிரி விட வேண்டும். பிறகு கிராஸ் ஸ்லைடைத் தொடாமல், இரண்டு வளையங்களையும் மிக மெல்லிய வெட்டாக ஒரே ஓட்டத்தில் கடைய வேண்டும். மைக்ரோமீட்டரில் இரண்டும் ஒரே அளவு வந்தால் சரி. வராவிட்டால் வலது கோடிக் காலுக்கு அடியில் மெல்லிய தகட்டைச் செருகி, போல்ட்டை இறுக்கி, மறுபடி கடைந்து பார்க்க வேண்டும். 'தேய்ந்துபோச்சு' என்று பெயர் வாங்கிய சில லேத்துகள் இந்த ஒரு தகட்டிலேயே குணமாகிவிடும். செலவு ஒன்றுமில்லை. ஒரு மாலை நேரம்தான்.

அதற்கும் சரியாகாதது உண்மையான தேய்மானம். அப்போது அடுத்த கேள்வி, எந்தத் திசையில் தேய்ந்திருக்கிறது? இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஓர் அங்குல விட்டமுள்ள கம்பியைக் கடையும்போது, பட்டையின் மேல்முகம் தேய்ந்ததால் டூல் ஐந்து தௌ கீழே இறங்கிவிட்டது என்று வைப்போம். விட்டத்தில் எவ்வளவு பிழை வரும்? பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள். ஒரு தௌவில் இருபதில் ஒரு பங்கு! அதை வீட்டில் அளப்பதே கஷ்டம். அதே ஐந்து தௌ பக்கவாட்டில், அதாவது கம்பியை விட்டு விலகும் திசையில் போயிருந்தால்? விட்டத்தில் பத்து தௌ பிழை. ஒரே அளவு தேய்மானம், பிழையோ இருநூறு மடங்கு.

ஆக, பட்டைகளின் மேல்முகத்தில் பளபளவென்று தெரியும் தேய்மானத்தைப் பார்த்து வயிறு கலங்க வேண்டியதில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. முன் பட்டை மட்டும் இறங்கி, பின் பட்டை இறங்காமல் இருந்தால், சாடில் முன்னோக்கிச் சாயும். சாய்ந்தால் டூலும் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். மற்றபடி, கவனிக்க வேண்டியது மேல்முகத்தை அல்ல. சாடிலுக்கு நேர்வழி காட்டும் பக்கச் சுவரை.

அதற்கு வருவதற்கு முன், வரிசை என்ற ஒன்று இருக்கிறது. இருக்கும் ஒரே லேத்தைக் கழற்றிப் போட்டுவிட்டால் அதற்கு வேண்டிய பாகத்தை எதில் கடைவது? ஆகவே அனுபவசாலிகள் கழற்றுவதற்கு முன்பே, ஆடிக்கொண்டிருக்கும் அந்த லேத்திலேயே, தேவையான புஷ், பின், நட் எல்லாவற்றையும் கடைந்து வைத்துக்கொள்வார்கள். தேய்ந்த இயந்திரத்தில் சரியான பாகம் வருமா? வரும். அரை அங்குல நீளமுள்ள புஷ் கடையும்போது சாடில் நகர்வது அரை அங்குலம்தான். அந்த அரை அங்குலத்துக்குள் பெட் எவ்வளவு வளைந்திருந்தாலும் பிழை கணக்கில் வராது. நீளமான வேலையில்தான் அது பொய் சொல்லும். சின்ன வேலையில் இன்னும் உண்மையாகவே இருக்கும்.

முதலில் ஹெட்ஸ்டாக். எம்எல்7-ல் ஸ்பிண்டில் வெள்ளை உலோக பேரிங்கில் சுற்றுகிறது. மேல் பாதி ஒரு மூடி. மூடிக்கும் உடலுக்கும் நடுவே ஷிம் தகடுகள். இந்த ஷிம் ஒரே தகடு அல்ல, காகிதக் கட்டு மாதிரி பல மெல்லிய அடுக்குகள் ஒட்டியது. பேரிங் தேய்ந்து ஸ்பிண்டில் ஆடினால், ஒரு அடுக்கை உரித்தெடுத்துவிட்டு மூடியை மறுபடி இறுக்க வேண்டும். மூடி அந்த அளவுக்குக் கீழே இறங்கும், ஆட்டம் போகும். பேரிங் தேயும் என்று முன்கூட்டியே நினைத்து, அதற்கான மருந்தையும் அங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் வடிவமைத்தவர்கள். செய்யக் கூடாதது ஒன்று உண்டு. ஷிம்மை விட்டுவிட்டு, போல்ட்டைக் கூட்டிக் குறைத்து ஆட்டத்தைச் சரிக்கட்டுவது. போல்ட் எப்போதும் முழு இறுக்கத்தில் இருக்க வேண்டும். இடைவெளியைத் தீர்மானிப்பது ஷிம்மின் வேலை. இரண்டு பக்கமும் சமமாக உரிக்க வேண்டும். உரித்த பிறகு ஸ்பிண்டில் கையால் லேசாகச் சுற்ற வேண்டும், எண்ணெய்க்கும் இடம் வேண்டுமல்லவா!

அடுத்தது கிராஸ் ஸ்லைடின் திருகும் நட்டும். அங்குலத்துக்குப் பத்து புரி. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் டூல் நூறு தௌ நகரும். நட் தேய்ந்துவிட்டால் திசை மாற்றும்போது கைப்பிடி சும்மா சுற்றும். இருபது முப்பது கோடுகள் கூட வீணாகும். நல்ல கடைசல்காரருக்கு இது பெரிய தலைவலி இல்லை. எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவுக்கு வருவார், ஆட்டம் தானாகக் கழிந்துவிடும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கம்பியைக் குறுக்கே துண்டாக வெட்டும்போது, தளர்ந்த ஸ்லைடை வேலையே உள்ளே இழுத்துக்கொள்ளும். டூல் கடித்துக்கொண்டு படாரென்று உடையும்.

புது நட்டை வெண்கலத்தில் கடைந்து உள்ளே புரி வெட்டுவது பழைய வழி. அதற்கு முதலில் அதே அளவில் ஒரு டேப் செய்து, சூடாக்கித் தோய்த்து, கடினப்படுத்த வேண்டும். இன்னொரு வழி கேட்டால் சிரிப்பு வரும். அசிட்டால் என்ற பிளாஸ்டிக் துண்டை இரண்டாகப் பிளந்து, பழைய திருகைச் சூடாக்கி நடுவில் வைத்து, வைஸில் இறுக்கினால் போதும். பிளாஸ்டிக் இளகி, திருகின் புரியை அப்படியே அச்செடுத்துக்கொள்ளும். ஆட்டம் ஏறக்குறைய பூஜ்யம். நாள் கணக்கில் செய்ய வேண்டியது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். சூடு அதிகமானால் அசிட்டாலிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு வரும் என்பதால், இதைக் கதவு ஜன்னலைத் திறந்துவைத்து, அளவான சூட்டில்தான் செய்ய வேண்டும்.

ஆனால் புது நட் போட்டாலும் திருகு பழசு. அதன் நடுப்பகுதி அதிகம் தேய்ந்திருக்கும், கோடிகள் அப்படியே இருக்கும். நட் கோடிக்குப் போனால் இறுக்கம், நடுவில் தளர்ச்சி. பெட்டில் பார்த்த அதே கதை! நீளமான லீட் ஸ்குரூவிலும் இதுதான். சக் பக்கம் தேய்ந்திருக்கும், வலது பக்கம் புதுசு போல இருக்கும். இதற்குப் பழைய தந்திரம் ஒன்று உண்டு. லீட் ஸ்குரூவையே தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிடுவது. முனைகள் இரண்டும் வேறு வேறு மாதிரி இருக்கும் என்பதால் அவற்றை வெட்டி, புஷ் போட்டு மாற்றி அமைக்க வேண்டும். அப்படிச் செய்தால் இத்தனை காலம் சும்மா இருந்த புரிகள் வேலைக்கு வரும். தேய்ந்தது கோடிக்கு ஓய்வெடுக்கப் போகும்.

பல் உடைந்த கியருக்கும் கிட்டத்தட்ட இதே மனப்பான்மைதான். நாற்பது ஐம்பது பல்லில் ஒரு பல் போய்விட்டால் கியரையே தூக்கி எறிய வேண்டியதில்லை. உடைந்த இடத்தில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் புது இரும்புத் துண்டைப் பொருத்தி, அரத்தால் பல் வடிவத்துக்கு ராவுவார்கள். இன்னும் எளிதாக, வரிசையாக இரண்டு மூன்று துளை போட்டு, புரி வெட்டி, திருகுகளை இறுக்கி, தலையை அறுத்து, பல்லாக ராவிவிடுவதும் உண்டு. அளவு பார்க்கப் பக்கத்திலேயே நல்ல பல் இருக்கிறது. அதை வைத்தே அட்டையில் ஒரு அச்சு வெட்டிக்கொண்டால் போதும்.

இனி அந்தப் பக்கச் சுவருக்கு வருவோம். பெட்டில் இரண்டு பட்டைகள், ஒவ்வொரு பட்டைக்கும் இரண்டு சுவர். மொத்தம் நான்கு. ஆரம்பகால எம்எல்7-ல் சாடில் முன் பட்டையை மட்டுமே கவ்விக்கொண்டு போகும். வெளிச்சுவரில் ஜிப், உட்சுவரில் சாடிலின் நிலையான முகம். பின் பட்டை வெறும் பாரம் தாங்குவதற்குத்தான். இதற்குக் காரணமும் இருந்தது. அகலமான மேஜை டிராயரை ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் சிக்கிக்கொள்ளும் அல்லவா? சாடிலை இழுக்கும் லீட் ஸ்குரூ முன்பக்கம் இருக்கிறது. வழிகாட்டியும் முன்பக்கமே, குறுகலாக இருந்தால் சிக்காது என்பது அந்தக் கால எண்ணம்.

கடையும்போது வேலை டூலைப் பின்னுக்கு, அதாவது நிற்பவரை நோக்கித் தள்ளும். அந்த அழுத்தம் முழுவதும் முன் பட்டையின் உட்சுவரில் விழும். அதனால் அந்தச் சுவர், அதுவும் சக் பக்கத்தில், மோசமாகத் தேயும். இருநூறு மடங்கு பிழை தரும் திசை அதுதான்.

இதற்கு ஒரு தீர்வை ஜே.ஏ. ராட்ஃபோர்ட் என்பவர் 'மாடல் இன்ஜினியர்' பத்திரிகையில் எழுதினார். பெட்டை வெட்டவில்லை, சாணை பிடிக்கவில்லை. பின் பட்டையின் வெளிச்சுவரை மட்டும் யோசித்துப் பாருங்கள். தொழிற்சாலையில் அதையும் நேராகத்தான் கடைந்து அனுப்பினார்கள். ஆனால் சாடில் அதைத் தொடுவதே இல்லை, நடுவே ஓர் இடைவெளி. நாற்பது வருஷமாக இரும்புத் தூளும் எண்ணெயும் படிந்து, யார் கண்ணிலும் படாமல், புதுசாகவே இருக்கிறது! சாடிலின் பின்புற உட்பக்கத்தில், அந்த இடைவெளியை நிரப்பும் அளவுக்கு, சமதளமாகச் சாணை பிடித்த ஓர் எஃகுப் பட்டையை ஒட்டித் திருகிவிட்டால் என்ன ஆகும்? சாடில் இனி முன் பட்டையின் தேய்ந்த உட்சுவரை நம்ப வேண்டாம். பின் பட்டையின் தேயாத வெளிச்சுவரைப் பிடித்துக்கொண்டு போகும். வேலை டூலை முன்பக்கம் தள்ளத் தள்ள, அந்தப் பட்டை சுவரோடு நன்றாக அணைந்துகொள்ளும்.

டிராயர் மாதிரி சிக்கிக்கொள்ளுமோ என்ற பயம் நடைமுறையில் பெரிதாக உண்மையாகவில்லை. 1970-களில் தொழிற்சாலையே எம்எல்7 வரிசையை அகல வழிகாட்டிக்கு மாற்றிவிட்டது.

செய்வது எளிதல்ல. எஃகுப் பட்டையின் தடிமன் இடைவெளிக்குச் சரியாக இருக்க வேண்டும். சாடிலின் பழைய முகம் உட்சுவரை இனித் தொடாதபடி அதைக் கொஞ்சம் செதுக்கிவிட வேண்டும். எல்லாவற்றையும்விட, பட்டை கோணலாக ஒட்டிவிட்டால் கிராஸ் ஸ்லைடு ஸ்பிண்டிலுக்குச் செங்குத்தாக நகராது. இதைப் பார்க்க, ஒரு வட்டத் தகட்டின் முகத்தைக் கடைந்து, அதன் மேல் நேர்விளிம்பை வைப்பார்கள். நடுவில் மயிரிழை பள்ளமாக இருந்தால் நல்லது. மேடாக இருக்கவே கூடாது. மேடான முகத்தோடு இன்னொன்றைச் சேர்த்து முடுக்கினால் அது ஆடும், பள்ளமானது ஓரத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த ஒட்டும் முகத்தைச் சமதளமாக்கும் வேலை, இருநூறு வருஷ வேலை. நீல மை பூசிய சமதளத் தகட்டின் மேல் வைத்து எடுத்தால், மேடுகளில் மட்டும் மை ஒட்டும். அந்தப் புள்ளிகளை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்டிவிட்டு, மறுபடி வைத்து, மறுபடி சுரண்ட வேண்டும். ஜோசப் விட்வொர்த் 1840-ல் கிளாஸ்கோவில் நடந்த பிரிட்டிஷ் சங்கக் கூட்டத்தில் இந்த முறையைப் பற்றித்தான் கட்டுரை படித்தார். அந்த முதல் சமதளத் தகடு எங்கிருந்து வரும்? மூன்று தகடுகளை ஒன்றோடொன்று மாற்றி மாற்றிச் சுரண்ட வேண்டும். இரண்டு மட்டும் இருந்தால் ஒன்று குழியாகவும் மற்றது மேடாகவும் பொருந்தி ஏமாற்றலாம். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால் ஏமாற்ற வழியே இல்லை, மூன்றும் சமதளம்தான்.

எல்லா லேத்தையும் இப்படிக் காப்பாற்ற முடியும் என்று சொல்லிவிட முடியாது. மேல்முகமும் சுவர்களும் சேர்ந்து கெட்டுவிட்டால் பெட்டைக் கழற்றி சாணைக்கு அனுப்பத்தான் வேண்டும். அப்போது சாடில் கீழே இறங்கும், லீட் ஸ்குரூ நேர்கோட்டில் வராது, அதையெல்லாம் தகடு வைத்துச் சரிக்கட்ட வேண்டும். அந்தச் செலவுக்கு இன்னொரு பழைய லேத்தே வாங்கிவிடலாம் என்ற நிலையும் வரும். எங்கே நிறுத்துவது என்பதை மைக்ரோமீட்டர்தான் சொல்ல வேண்டும், பாசம் சொல்லக் கூடாது.

ஆனால் அளக்காமலே 'போச்சு' என்று சொல்லிவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. தேய்ந்த இடம் பளபளவென்று கண்ணில் படும். தேயாத இடம் அழுக்குக்கு அடியில் இருக்கும். இந்த இயந்திரத்தைச் சரிசெய்கிறவர் புதிதாக எதையும் உருவாக்குவதில்லை. எந்த முகம் இன்னும் உண்மை சொல்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, மற்றதையெல்லாம் அதற்குப் பணிய வைக்கிறார். அவ்வளவுதான்.

உங்கள் ஊர் லேத் பட்டறையைக் கடக்கும்போது முடிந்தால் எட்டிப் பாருங்கள். சக்குக்குப் பக்கத்தில் பெட் கண்ணாடி மாதிரி மின்னும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், வலது கோடிக்குப் போய், அங்கே படிந்திருக்கும் அழுக்கை விரலால் லேசாகத் துடைத்துப் பாருங்கள். கடைக்காரர் திட்டினால் அது உங்கள் பாடு!